படத்தொகுப்புக் கணினிக்கு எந்த எஸ்எஸ்டி வாங்குவது?

கதிர்முகம்:

அனைவருக்கும் வணக்கம். ஆவணக் குறும்படங்களைத் தொகுப்பதும் ஒளிப்படங்களைத் திருத்துவதும் என் தொழில். மேசைக் கணினிக்கு ஏழு வயதாகிறது. இயங்குதளமும் மென்பொருள்களும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் (பழைய வகை இணைப்பில் ஓடும், சுழலும் தட்டு இல்லாத வட்டு) இருக்கின்றன. காட்சிக் கோப்புகள் எல்லாம் 4 டிபி வன்தட்டில்.

மூன்று கேமராக்களில் எடுத்த நேர்காணல் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பேசுபவர் வயதானவர். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது நடுவில் நிறுத்தி, கீழே பார்த்து, மூச்சு விட்டுவிட்டுத் தொடர்கிறார். அந்த இடத்தில் எந்தக் கேமராவுக்கு மாறுவது, எங்கே வெட்டுவது என்பதுதான் நேற்று முழுவதும் என் வேலை. படம் திக்கித் திக்கி ஓடுவதால், அவர் நிறுத்தியது எது, கணினி நிறுத்தியது எது என்றே பிரித்தறிய முடியவில்லை. இனியும் இப்படி ஓட்ட முடியாது.

விநாடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியில் போட்டிருக்கும் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இரண்டு இருக்கின்றன, இரண்டும் காலி. வாங்கிவிடலாமா?

வெள்ளோட்டம்:

தாராளமாக வாங்குங்கள். வன்தட்டில் காட்சிக் கோப்புகளை வைத்துக்கொண்டு யாராவது தொகுப்பார்களா? என்னைக் கேட்டால் பிசிஐஇ 5.0 வகையையே (வேகமான இணைப்பின் புதிய தலைமுறை) பாருங்கள், அதில் 14,000 எம்பி வரை வந்துவிட்டது. ஒரு முறைதானே வாங்கப் போகிறீர்கள்.

பலகைவாசி:

அவசரப்பட வேண்டாம் கதிர்முகம். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

முதலாவது, மதர்போர்டின் கையேடு. ஏழு வயதுப் பலகை என்றால் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் பிசிஐஇ 3.0 ஆகத்தான் இருக்கும். தரவு போகும் நான்கு தடங்களும் கிடைத்தால் நடைமுறையில் விநாடிக்கு 3,500 எம்பி வரை போகும். இரண்டு தடங்கள் மட்டும் என்றால் அதில் பாதி. சில பலகைகளில் இரண்டாவது ஸ்லாட் சாட்டா எம்.2 அட்டையை மட்டும் ஏற்கும். அப்படியானால் வெளித்தோற்றத்தில் எம்.2 ஆக இருந்தாலும் வேகம் பழைய சாட்டா வேகம்தான், 550 எம்பி. இன்னும் சில பலகைகளில் எம்.2 ஸ்லாட்டில் அட்டையைச் செருகியதும் சாட்டா துறைகளில் (கேபிள் மாட்டும் இடங்கள்) ஒன்றோ இரண்டோ செயலிழக்கும். உங்கள் வன்தட்டு அந்தத் துறையில் மாட்டியிருந்தால் திடீரென்று காணாமல் போகும். வட்டு போய்விட்டது என்று பயந்து என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. கேபிளை அடுத்த துறைக்கு மாற்றியதும் வந்துவிட்டது. இதெல்லாம் கையேட்டில் ஒரு சிறிய அட்டவணையில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

இரண்டாவது, கணினி எங்கே திணறுகிறது என்பது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நேர்காணலை ஓட விடுங்கள். படம் திக்கும் அதே நொடியில் செயலி எத்தனை சதவீதம், நினைவகம் எத்தனை, எந்த வட்டு 100 சதவீதத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமராக் கோப்பின் சுருக்க வகையும் வேண்டும்: எச்.264 ஆ, எச்.265 ஆ, எத்தனை மெகாபிட்?

நீள்படம்:

பலகைவாசி சொன்னதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். இருபது ஆண்டுகளாகத் தொகுப்பு மேசையில் இருக்கிறேன். வட்டின் மேல் பழி போட்டுவிட்டுச் செயலியில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

கதிர்முகம்:

பார்த்துவிட்டேன். முதல் ஸ்லாட் பிசிஐஇ 3.0, நான்கு தடங்கள். இரண்டாவது ஸ்லாட் சாட்டா மட்டும். அதைப் பயன்படுத்தினால் ஐந்தாவது சாட்டா துறை செயலிழக்கும் என்று கையேட்டில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் இன்றுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

கேமராக் கோப்புகள் எச்.264, 4:2:2, 10 பிட் (நிற விவரம் கூடுதலாக உள்ள வகை), விநாடிக்கு 150 மெகாபிட். மூன்று கோணங்களையும் ஒன்றாக ஓட்டும்போது செயலி 97 சதவீதம். வன்தட்டு 60க்கும் 100க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. 16 ஜிபி நினைவகத்தில் 14 போய்விட்டது. இயங்குதளம் இருக்கும் எஸ்எஸ்டி 94 சதவீதம் நிரம்பியிருக்கிறது, மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளும் அதில்தான் குவிந்திருக்கின்றன.

நீள்படம்:

இப்போது விஷயம் தெளிவாகிறது. கணக்கைப் பாருங்கள். 150 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் விநாடிக்கு 19 எம்பி கூட இல்லை. மூன்று கேமராவுக்கும் சேர்த்து ஏறக்குறைய 56 எம்பி. இதற்கு 7,000 எம்பி வட்டு எதற்கு? உங்கள் பழைய சாட்டா எஸ்எஸ்டியே இதைப் போல ஒன்பது மடங்கு கொடுக்கும்.

உங்கள் செயலிதான் நசுங்குகிறது. எச்.264இல் 4:2:2, 10 பிட் என்ற வகையை வன்பொருளிலேயே பிரிக்கும் திறன் அந்தக் காலத்துக் கிராபிக்ஸ் கார்டுகளில் கிடையாது. அதனால் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) செயலியே உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும். எச்.264 கோப்பில் பெரும்பாலான சட்டகங்கள் முழுப் படங்கள் அல்ல, முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. நீங்கள் காலக்கோட்டில் ஓரிடத்தில் போய் நின்றால், அந்த ஒரு சட்டகத்தைக் காட்டுவதற்கு அது சார்ந்திருக்கும் வரிசை முழுவதையும் அவிழ்த்தாக வேண்டும். மூன்று கேமராவுக்கும் இதே கதை. வட்டை மாற்றினால் இந்த வேலை குறையாது.

இன்றைக்கே செலவில்லாமல் செய்யக்கூடியது: ப்ராக்சி கோப்புகளை, அதாவது தொகுக்கும்போது மட்டும் பயன்படுத்தும் இலகுவான நகல்களை, உருவாக்குங்கள். 1920×1080 அளவில் புரோரெஸ் (ஆப்பிளின் காணொளி வடிவம்) ப்ராக்சி, விநாடிக்கு 24 சட்டகம் என்றால் ஆப்பிளின் அட்டவணைப்படி 36 மெகாபிட்தான், அதாவது நாலரை எம்பி. ஒவ்வொரு சட்டகமும் தனித்தனி முழுப் படம் என்பதால் செயலிக்குப் பாரமே இருக்காது. இரவு உறங்கப் போகும் முன் ஓட விட்டால் காலையில் தயாராக இருக்கும். தொகுத்து முடித்த பிறகு, வண்ணம் சேர்க்கும்போதும் ஏற்றுமதியின்போதும் மூலக் கோப்புகளுக்குத் திரும்பிவிடலாம்.

வெள்ளோட்டம்:

புரோரெஸ் எச்கியூ (அதன் உயர்தர வகை), 4கே என்று போனால் வேகமான வட்டு வேண்டாமா? எல்லோரும் ப்ராக்சியோடு நிறுத்திக்கொள்வதில்லையே.

நீள்படம்:

நியாயமான கேள்வி. அதே அட்டவணையில் 3840×2160, 24 சட்டகம், 422 எச்கியூவுக்கு 707 மெகாபிட். விநாடிக்கு 88 எம்பி. நான்கு கோணங்களை ஒன்றாக ஓட்டினாலும் 354 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி தாங்கும். ஆனால் ஒரு மணி நேரக் காட்சி 318 ஜிபி இடம் பிடிக்கும். அந்த வகையில் வேலை செய்பவருக்கு முதலில் தீர்ந்துபோவது இடம்தான். 1 டிபி வட்டு ஏறக்குறைய மூன்று மணி நேரக் காட்சியிலேயே நிரம்பிவிடும்.

சுருக்கப்படாத மூலக் காட்சிகளில் 8கே தொகுப்பவர், நூற்றுக்கணக்கான அடுக்குகளில் காட்சி விளைவுகள் செய்பவர், இவர்களுக்கு 7,000 எம்பி உண்மையிலேயே பயன்படும். கதிர்முகத்தின் வேலை அதுவல்ல.

கதிர்முகம்:

அப்படியானால் எனக்கு எஸ்எஸ்டியே வேண்டாம் என்கிறீர்களா?

பலகைவாசி:

வேண்டும். எதற்காக வேண்டும் என்பதுதான் மாறியிருக்கிறது.

உங்கள் வன்தட்டு மூன்று கோப்புகளிலிருந்தும் மாறி மாறிப் படிக்கிறது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் உள்ளே இருக்கும் முனை நகர்ந்து, தட்டு சுழன்று அந்த இடம் அடியில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். எஸ்எஸ்டிக்கு இது ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குதான், அதற்கும் குறைவாகவும் இருக்கும். காலக்கோட்டில் இங்கும் அங்கும் தாவும் உங்களைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். அடுத்தது, 94 சதவீதம் நிரம்பிய அந்த 500 ஜிபி. எஸ்எஸ்டி தன் உள்வேலைகளைச் செய்யக் காலி இடம் வேண்டும். பழைய தரவை நகர்த்தி, தொகுதிகளை அழித்து, அடுத்த எழுத்துக்குத் தயாராக இருக்கும் வேலை அது. இடமே இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் தானே இடம்பெயர்த்துக்கொண்டு மெதுவாகிவிடும். 15, 20 சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

எனவே என் யோசனை 1 டிபி வேண்டாம், 2 டிபி வாங்குங்கள் என்பதுதான். உச்ச வேகத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மென்பொருளைத் திறப்பது, நூறு சிறு கோப்புகளைத் தேடிப் படிப்பது போன்ற வேலைகளில் பெட்டியில் உள்ள எண் எங்கும் வராது. 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் சோதனையில் நல்ல சாட்டா எஸ்எஸ்டி 40 எம்பி அளவில் நிற்கும், பிசிஐஇ வழியில் ஓடும் நல்ல என்விஎம்இ வட்டு 60 முதல் 90 வரை போகும். பன்னிரண்டு மடங்கு வேகம் என்று எண்ணி வாங்குபவர் இரண்டு மடங்கைத்தான் பார்ப்பார்.

மைத்துளி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஓவியம் வரைபவள். போட்டோஷாப்பில், சுவரொட்டி அளவில், ஐம்பது அறுபது அடுக்குகளோடு வேலை. ஒரு கோப்பைச் சேமிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. எனக்கு வேகமான எஸ்எஸ்டி உதவுமா?

பலகைவாசி:

சேமிக்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள் சகோதரி. வட்டு 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்கும், செயலியின் ஒரே ஒரு கரு (கோர்) மட்டும் முழுவதாக ஓடும். போட்டோஷாப் கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் வேலை அது. அமைப்புகளில் கோப்புகளைக் கையாளும் பகுதியில் பிஎஸ்டி, பிஎஸ்பி கோப்புகளைச் சுருக்குவதை நிறுத்தும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கோப்பு பெரிதாகும், சேமிப்பு விரைவாகும். வேகமான வட்டு உங்களுக்கு அதன் பிறகுதான் கைகொடுக்கத் தொடங்கும்.

ஸ்கிராட்ச் வட்டு எவ்வளவு பயன்படுகிறது என்பதையும் பாருங்கள். நினைவகம் போதாமல்தான் மென்பொருள் வட்டில் எழுதத் தொடங்குகிறது. அப்படியென்றால் முதலில் நினைவகத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியும் நினைவகத்துக்கு ஈடாகாது.

மைத்துளி:

இப்போதே செய்து பார்த்தேன். 90 விநாடி 14 விநாடியாகிவிட்டது. மூன்று ஆண்டுகளாகச் சேமிப்பை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுவது என் வழக்கம். மிக்க நன்றி.

சுருதிப்பெட்டி:

இசைக்காரர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். வாத்தியங்களின் ஒலித்தொகுப்புகள் 600 ஜிபிக்கு மேல் வைத்திருக்கிறேன். ஒரு முறை எழுதினால் பிறகு படிப்பது மட்டும்தான். இதற்கு விலை குறைந்த கியூஎல்சி வகையே போதும், சாட்டாவே போதும். எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு, ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைக்கும் அளவைக் குறைத்துவிட்டேன். நினைவகம் பாதி விடுபட்டது. முன்பு வயலின் பகுதியைத் திறந்தால் புல்லாங்குழலை மூட வேண்டியிருந்தது.

கதிர்முகம்:

இந்தக் கியூஎல்சி, டிஎல்சி என்பதைத்தான் கேட்க இருந்தேன். 2 டிபியில் பார்த்தால் விலை குறைவாக இருப்பவை பெரும்பாலும் கியூஎல்சி. ஆயுள் குறைவு என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

இருள்அறை:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், அனுபவத்தில்.

ஆயுளை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு சிற்றறையில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது கியூஎல்சி. 1 டிபி டிஎல்சி வட்டுகள் பலவற்றுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். கியூஎல்சியில் அது 220, 360 என்று குறைகிறது. நாளுக்கு 100 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 36.5 டிபி. 600க்குப் பதினாறு ஆண்டுகள், 220க்கு ஆறு ஆண்டுகள். அதற்குள் கணினியே மாறிவிடும்.

என்னைக் காலை வாரியது எழுதும் வேகம். இரண்டு நாள் படப்பிடிப்பு முடிந்து நள்ளிரவில் வந்து, மறுநாள் காலை அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை. ஏறத்தாழ 300 ஜிபி. அட்டைகளை முதலில் பழைய வட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து புதிய கியூஎல்சி எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன். முதல் ஒரு நிமிடத்தில் பச்சைக் கோடு மேலே நின்றது, 1,500 எம்பிக்கு மேல். இன்னும் ஐந்து நிமிடம்தான் என்று முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு செங்குத்தாக விழுந்து அடியில் கிடக்கிறது. 100 எம்பி, 90 எம்பி, சில நேரம் 70. மீதமிருந்ததை நகலெடுக்க ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆனது. கேபிளை மாற்றினேன், கணினியை மறுதொடக்கம் செய்தேன், வட்டே பழுது என்று முடிவு கட்டினேன். பழுது எதுவும் இல்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

பலகைவாசி:

இருள்அறை சொன்னதன் காரணத்தை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் படைப்புத் தொழிலில் இருப்பவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டிஎல்சியோ கியூஎல்சியோ, நேரடியாக எழுதினால் மெதுவாகத்தான் இருக்கும். அதனால் வட்டின் ஒரு பகுதியில் சிற்றறைக்கு ஒரே ஒரு பிட் வீதம் விரைவாக எழுதி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது அதை ஒடுக்கி உள்ளே அடுக்குகிறார்கள். வாசலில் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் பிறகு கிடங்குக்குள் சுமப்பது போல. வாசல் நிரம்பிவிட்டால் லாரி காத்திருக்க வேண்டியதுதான். பெட்டியில் போடும் எழுதும் வேகம் வாசல் காலியாக இருக்கும்போது அளந்தது.

தயாரிப்பாளர்களில் சிலர் இதை வெளிப்படையாகவே விவரப் பட்டியலில் போடுகிறார்கள். சாம்சங்கின் 870 கியூவிஓ, 1 டிபி சாட்டா வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விரைவுப் பகுதி 42 ஜிபி. அது நிரம்பிய பின் விநாடிக்கு 80 எம்பி. 2 டிபி வாங்கினால் 78 ஜிபியும் 160 எம்பியும். 80 எம்பி என்பது வன்தட்டை விடக் குறைவு. சுருதிப்பெட்டி போல ஒலித்தொகுப்பு வைப்பவருக்கு இது பொருட்டே அல்ல. அட்டை அட்டையாகக் காட்சிகளை இறக்குபவருக்கு இதுவே எல்லாம்.

பல வட்டுகளில் இந்த விரைவுப் பகுதி காலி இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வட்டு நிரம்ப நிரம்ப வாசல் சுருங்கும். புதிதாக இருந்தபோது 200 ஜிபி வரை ஓடியது, முக்கால் நிரம்பிய பின் 40 ஜிபியிலேயே தள்ளாடும். மதிப்புரைகளைப் படிக்கும்போது உச்ச வேகப் பட்டைகளைத் தாண்டிப் போய், வட்டு முழுவதையும் இடைவிடாமல் நிரப்பும் சோதனையின் வரைபடத்தைத் தேடுங்கள். முதல் நிமிடம் வேண்டாம், பத்தாவது நிமிடத்தில் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நல்ல டிஎல்சி வட்டுகள் அப்போதும் 1,000 எம்பிக்கு மேலே நிற்கும்.

கதிர்முகம்:

டிராம் உள்ள வட்டு, இல்லாத வட்டு என்பதும் அவ்வளவு முக்கியமா?

பலகைவாசி:

எந்தத் தரவு எந்தச் சிற்றறையில் இருக்கிறது என்ற முகவரிப் பட்டியலை வைத்துக்கொள்ளத்தான் அந்த டிராம் என்ற சிறு நினைவகச் சில்லு. பொதுவாக 1 டிபிக்கு 1 ஜிபி. அது இல்லாத என்விஎம்இ வட்டுகள் கணினியின் நினைவகத்தில் சில பத்து எம்பி கடன் வாங்கிச் சமாளிக்கின்றன. 2014இல் வந்த என்விஎம்இ 1.2 இதற்கு வழி செய்தது. அன்றாட வேலைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே நேரத்தில் பல இடங்களில் படிப்பதும் எழுதுவதும் நடக்கும் தொகுப்பு வேலைக்கு டிராம் இருப்பது நல்லது. சாட்டா வட்டுக்கு அந்தக் கடன் வசதியே கிடையாது, அதனால் டிராம் இல்லாத சாட்டா வட்டை வேலைக்கு வாங்காதீர்கள். விலை நெருக்கடி வந்தால் டிராமை விட்டுக்கொடுங்கள், டிஎல்சியை விட்டுக்கொடுக்காதீர்கள். என் வரிசை அதுதான்.

வெள்ளோட்டம்:

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். என் வட்டு பிசிஐஇ 4.0. நீங்கள் சொன்னபடி 250 ஜிபியை ஒரே மூச்சில் எழுதிப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு வெப்பம் 84 பாகை, வேகம் பாதியாகிவிட்டது. திறந்து பார்த்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருக்கிறது, மேலே வெப்பத்தகடு எதுவும் இல்லை.

பலகைவாசி:

பிசிஐஇ 5.0 வட்டுகளில் இந்த வெப்பம் இன்னும் கூடுதல், தகடு இல்லாமல் அவற்றை ஓட்டவே கூடாது. மதர்போர்டோடு வந்த அலுமினியத் தகடு பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். மாட்டும்போது தகட்டின் அடியில் இருக்கும் மென்பட்டையில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு வெப்பம் குறையவில்லை என்பவர்கள் நிறையப் பேர். எஸ்எஸ்டியின் மேல் இருக்கும் பெயர்ச்சீட்டை மட்டும் உரிக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும்.

இருள்அறை:

கதிர்முகம், வாங்கும் முன் இன்னொன்றையும் கேளுங்கள். வன்தட்டு சாகும் முன் பெரும்பாலும் சத்தம் கொடுக்கும். கடகடவென்று ஒலிக்கும், மெதுவாகும், நாம் பதறிப்போய் நகலெடுத்துவிடுவோம். என்னுடைய முந்தைய எஸ்எஸ்டி மாலை ஆறு மணி வரை வேலை செய்தது. ஆறரைக்குக் கணினியை மறுதொடக்கம் செய்தேன், வட்டு பட்டியலிலேயே இல்லை. சத்தமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மீட்புக்குக் கொடுத்தும் எதுவும் கிடைக்கவில்லை. நான்கு மாதம் திருத்திய படங்கள். மூலப் படங்கள் வேறு வட்டில் இருந்தன, திருத்தங்கள் இல்லை.

தவறுதலாக அழித்தாலும் இதே நிலைதான். எந்த இடங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் டிரிம் ஆணை மூலம் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது உள்ளே துடைத்துவிடும். வன்தட்டில் மீட்பு மென்பொருள் கொண்டு எடுத்தது போல இங்கே எடுக்க முடியாது. எஸ்எஸ்டி வாங்கும் அன்றே காப்பு நகலுக்கு ஒரு வெளிப்புற வன்தட்டும் வாங்குங்கள். இரண்டுக்கும் பணம் போதாவிட்டால் எஸ்எஸ்டியைச் சிறிதாக வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நீள்படம்:

வழிமொழிகிறேன். முடிந்த படங்களை எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்கவும் வேண்டாம். நன்றாகத் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் தரவைப் பிடித்து வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. சேமிப்பகத்துக்கு வன்தட்டே சரி, அதுவும் இரண்டு பிரதிகள்.

கதிர்முகம்:

எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். முடிவு இது: 2 டிபி, டிஎல்சி, டிராம் உள்ள வட்டு. பிசிஐஇ 4.0 வகையை 3.0 ஸ்லாட்டில் மாட்டலாம்தானே? அதோடு 8 டிபி வெளிப்புற வன்தட்டு ஒன்று.

பலகைவாசி:

மாட்டலாம், ஸ்லாட்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும். அடுத்த கணினிக்கு அப்படியே எடுத்துப் போகலாம். பழைய எஸ்எஸ்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இயங்குதளத்தைப் புதியதுக்கு நகலெடுத்து, புதியதிலிருந்து தொடங்குகிறது என்று உறுதியான பிறகும் இரண்டு வாரம் பழையதைத் தொடாமல் வையுங்கள். வட்டு மறையாக்கம் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் தாளில் குறித்துக்கொண்டு, நகலெடுத்து முடிக்கும் வரை மறையாக்கத்தை நிறுத்தி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பழையதைத் துடைத்து, தற்காலிகக் கோப்புகளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அது நிரம்பினாலும், போனாலும் இழப்பு எதுவும் இல்லை.

மாட்டும்போது ஒன்று: அட்டையைச் சாய்வாக, ஏறத்தாழ முப்பது பாகையில் செருகி, பொன்னிறத் தொடுமுனைகள் உள்ளே மறையும் வரை தள்ளி, பிறகு மெதுவாகக் கீழே அழுத்தித் திருகாணியைப் போடுங்கள். அந்தத் திருகாணி அரிசி மணி அளவுதான் இருக்கும். கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். அது பலகையின் அடியில் சிக்கியிருந்தால் எல்லாமே போய்விடும்.

கதிர்முகம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். விவரம் சொல்லாமல் இருப்பது முறையல்ல.

வட்டு வருவதற்கு முன்பே ப்ராக்சி கோப்புகளை உருவாக்கிவிட்டேன். திக்கல் அன்றே பெரும்பகுதி போய்விட்டது. நீள்படம் ஐயாவின் கணக்கு அப்படியே சரி. புதிய வட்டு வந்த பிறகு மாறியது வேறு. காலக்கோட்டில் எங்கே தொட்டாலும் படம் அங்கேயே நிற்கிறது. திட்டத்தைத் திறக்க இரண்டு நிமிடம் ஆனது, இப்போது அரை நிமிடம் கூட ஆவதில்லை. 200 ஜிபி கோப்புறை ஒன்றை எழுதிப் பார்த்தேன், கோடு ஒருமுறை இறங்கி 1,200 எம்பி அளவில் நிலைத்துவிட்டது. வெப்பம் 66 பாகை. தாளை உரித்துவிட்டுத்தான் மாட்டினேன்.

அந்தப் பெரியவர் நிறுத்திய இடத்தை இப்போது முழுதாகப் பார்க்க முடிகிறது. நான்கு விநாடி. இரண்டாவது கேமராவில் அவர் விரல்கள் நாற்காலிக் கையை ஒரு முறை தட்டுவது இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. அங்கே வெட்டவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஏற்றுமதி நேரம் பழையபடிதான் இருக்கிறது, ஒரு நிமிடம் கூடக் குறையவில்லை. ஏதாவது அமைப்பு தவறாக இருக்கிறதா?

நீள்படம்:

தவறு எதுவும் இல்லை. ஏற்றுமதி செயலியும் கிராபிக்ஸ் கார்டும் செய்யும் வேலை. அடுத்து பணம் சேர்ந்தால் முதலில் நினைவகத்தை 32 ஜிபி ஆக்குங்கள், பிறகு பலகையோடு சேர்த்துச் செயலி. படம் முடிந்ததும் இணைப்பை இங்கே போடுங்கள், பார்க்க வேண்டும்.

இருள்அறை:

8 டிபி வன்தட்டில் முதல் காப்பு நகல் எடுத்தாயிற்றா?

கதிர்முகம்:

வட்டை மாட்டிய அன்று இரவே எடுத்துவிட்டேன் நண்பரே. இரண்டாவது பிரதி என் அக்கா வீட்டில் இருக்கிறது.